இறங்குவதன் சரித்திரம்

மலை ஏறியவர்களைப் பற்றி உலகத்தில் எழுதியிருக்கும் புத்தகங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பார வண்டி நிறைந்துவிடும். மலை இறங்கியவர்களைப் பற்றி அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. சிகரத்தில் கொடியை நட்டதும் கதை முடிந்துவிடுகிறது. அந்த மனிதர் பிறகு எப்படிக் கீழே வந்து சேர்ந்தார், வழியில் முழங்கால் வலித்ததா என்பதில் ஆசிரியருக்கும் அக்கறை இல்லை, வாசகருக்கும் இல்லை. நம்முடைய பேச்சு வழக்கும் அப்படித்தான். ஒருவனுக்கு ஏறுமுகம் என்றால் சந்தோஷப்படுகிறோம். இறங்குமுகம் என்றால், 'பாவம்!' என்கிறோம்.

ஆனால் இறங்குமுகத்தையே மூலதனமாக வைத்துப் பிழைக்கிற ஊர்கள் ஐரோப்பாவில் உண்டு. இறங்குவதற்காகவே ஜனங்கள் ரெயில் ஏறி, விமானம் ஏறி, கையில் பணத்துடன் அங்கே வருகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரின் சரித்திரத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ராஜாக்களும் யுத்தங்களும் இதில் அதிகம் இல்லை. ஒரு வெள்ளிச் சுரங்கம், சில மந்தைகள், ஒரு கம்பி வடம், எண்ணற்ற சைக்கிள்கள்: இவைதாம் கதாபாத்திரங்கள். நாவல் எழுதுகிறவனுக்குக் கதாபாத்திரங்கள் எந்த ரூபத்தில் வந்தாலும் சரிதான்.

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கே, கிரெனோபிள் நகரத்துக்கு அப்பால், ஆல்ப்ஸ் மலையின் மடியில் இருக்கிறது அந்த ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,860 மீட்டர் உயரம். அதன் பெயர் ஆல்ப் தூவெஸ். நாக்கில் நுழையாத பெயராகத் தோன்றலாம்; பிரித்துப் பார்த்தால் மிகவும் எளிமையானது. சற்றுக் கீழே ஊவெஸ் என்று ஒரு பழைய கிராமம் இருக்கிறது. 'ஆல்ப்' என்றால் அந்தப் பக்கத்து மலைவாசிகள் பேச்சில் கோடைக்கால மேய்ச்சல் நிலம். ஆக, 'ஊவெஸ்காரர்களின் மேய்ச்சல் நிலம்' என்பதே இன்று உலகப் பிரசித்தி பெற்ற அந்த உல்லாச ஸ்தலத்தின் பெயருக்கு அர்த்தம். பெரிய மனிதர்கள் சிலருடைய வீட்டுப் பெயரை விசாரித்தால் தாத்தாவின் மாட்டுக் கொட்டகையில் போய் நிற்கும் அல்லவா? அந்த மாதிரி.

இந்த ஊரின் சரித்திரத்தில் மாடுகளோடு கூடவே வெள்ளிக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஊருக்கு அருகே, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், பிராந்த் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரையில் அங்கே ஒரு சுரங்கக் கிராமம் இருந்தது. பாறையைப் பிளந்து, ஈயத்தோடு கலந்து கிடந்த வெள்ளியை எடுத்தார்கள். அந்த நாட்டை ஆண்ட பிரபுவுக்குத் தோஃபேன் என்று பட்டம். அவருடைய கஜானாவுக்குப் போன வெள்ளியில் ஒரு பங்கு இந்த மலையின் வயிற்றிலிருந்து போனதுதான். கோடையில் வந்து குளிர்காலத்தில் ஓடிவிடுகிற கூடாரம் அல்ல அது. வருஷம் பூராவும், ஆள் உயரப் பனியிலும், ஜனங்கள் அங்கேயே குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. கோயிலைச் சுற்றி இடுகாடு இருந்தது. 1977 முதல் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொண்டார்கள்.

பதினான்காம் நூற்றாண்டில் சுரங்க வேலை நின்றது. வேலை நின்றதும் ஊரும் நின்றது. அடுப்பு அணைந்தது, கூரை விழுந்தது, மதிற்சுவர் வெறுங்கல்லாயிற்று. 1349-ல் கடைசித் தோஃபேன் தம்முடைய நாட்டையே பிரெஞ்சு அரச வம்சத்துக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு பல நூறு வருஷங்கள் அந்த மலையை ஆண்டவை பசுக்களும் ஆடுகளுமே. வெள்ளியைப் போல அவை யாரையும் பணக்காரர் ஆக்கவில்லை. ஆனால் யாரையும் ஊரை விட்டு ஒரேயடியாகத் துரத்தவும் இல்லை. பால் கறந்தது; பாற்கட்டி முற்றியது; கோடை போனதும் மந்தை கீழே இறங்கியது; அடுத்த வருஷம் மறுபடி ஏறியது. சரித்திர ஆசிரியர்கள் இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. நன்றாக நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுத முடியாதல்லவா?

இருபதாம் நூற்றாண்டில் மலைக்கு மறுபடியும் யோகம் அடித்தது. இம்முறை வெள்ளி பூமிக்குள்ளிருந்து வரவில்லை, வானத்திலிருந்து விழுந்தது. வாகான இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பழக்கம் வடதேசங்களில் வெகு பழமையானது. அது ஆல்ப்ஸுக்கு வந்து, பணக்காரர்களின் விளையாட்டாகி, பிறகு மத்தியதர வகுப்பாரின் விளையாட்டாகவும் ஆயிற்று. 1936-ல் பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. விடுமுறை என்று ஒன்று இருந்தால்தானே உல்லாச ஸ்தலம் என்று ஒன்று இருக்க முடியும்?

ஆனால் சறுக்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐந்து நிமிஷம் சறுக்குவதற்கு ஒரு மணி நேரம் ஏறவேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தவர்களுள் ஒருவர் ழான் பொமகால்ஸ்கி என்ற எஞ்சினீயர். 1930-களின் நடுவில், இதே ஆல்ப் தூவெஸில், ஓயாமல் சுற்றும் ஒரு வடத்தை மலைச் சரிவில் அமைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மேலே போகும்படி செய்தார். பின்னால் 1947-ல் அவர் ஆரம்பித்த கம்பெனி 'போமா' என்ற பெயரில் உலகமெங்கும் லிப்டுகள் கட்டியது.

அதே சமயத்தில், 1936-ல், அமெரிக்காவில் இடாஹோ மாகாணத்தில் ஒரு ரெயில்வே கம்பெனி, ஸன் வேலி என்ற இடத்தில், வடத்தில் நாற்காலிகளைத் தொங்கவிட்டு மனிதர்களை ஏற்றியது. அந்த நாற்காலி லிப்டின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அதை வகுத்த எஞ்சினீயர் ஜேம்ஸ் கரன், வெப்ப தேசத்துத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றுவதற்குக் கொக்கி மாட்டிய சங்கிலிகள் சுற்றி வருவதைக் கவனித்தவர். வாழைத்தார் போகிற கொக்கியில் மனிதன் ஏன் போகக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார். இந்த வாழைத்தார் விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உபயோகப்படும்.

ஆல்ப் தூவெஸுக்கு முதன்முதலில் கீர்த்தி தேடித் தந்த சைக்கிள் இறங்குகிற சைக்கிள் அல்ல, ஏறுகிற சைக்கிள். பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி வருகிற புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்காலத்தில் நிறைகிற ஹோட்டல் கோடையில் காலியாகக் கிடக்கிறதே என்ற கவலை ஜார்ஜ் ரஜோன் என்ற ஹோட்டல்காரருக்கு இருந்திருக்க வேண்டும். ழான் பர்பாலியா என்ற சித்திரக்காரர் பந்தயத்தை இந்த மலைக்கு இழுத்து வரலாம் என்று யோசனை சொல்ல, ரஜோனும் மற்ற ஹோட்டல்காரர்களும் பணம் போட்டு அதை நடத்தி வைத்தார்கள். 1952-ல் பந்தயம் ஆல்ப் தூவெஸுக்கு வந்தது. மலையுச்சி ஊர் ஒன்றில் அந்தப் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் முடிவது அதுவே முதல் தடவை. அடிவாரத்திலிருந்து ஊர்வரை 21 கொண்டை ஊசி வளைவுகள். இத்தாலிய வீரர் ஃபௌஸ்தோ கோப்பி, கூடவே வந்த ரொபிக் என்ற பிரெஞ்சுக்காரரை வழியில் உதறிவிட்டுத் தன்னந்தனியாக ஏறி வந்து சேர்ந்தார். அடிவாரத்திலிருந்து போகும்போது முதலில் வருகிற 21-ஆம் எண் வளைவில் இன்றும் அவர் பெயர்ப் பலகை இருக்கிறது. அந்தச் சாலையில் வளைவுகளுக்கு எண்கள் தலைகீழாகப் போகின்றன. 21-ல் ஆரம்பித்து, மூச்சு வாங்க வாங்க, ஒன்றில் முடிகிறது. ஏறுகிறவனுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்தால் அதுவே ஓர் ஆறுதல்!

அதற்கு அப்புறம் பந்தயம் 24 வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1976-ல்தான் திரும்பி வந்தது. இதற்கு நடுவே 1968-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கிரெனோபிளில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. உறைபனிக் கால்வாயில் வண்டியில் உட்கார்ந்து சறுக்கும் பந்தயத்தை ஆல்ப் தூவெஸில் வைத்தார்கள். இந்த ஊர் தன்னைச் 'சூரியத் தீவு' என்று விளம்பரம் செய்து கொள்ளுகிற ஊர், தெற்குப் பார்த்த சரிவு, நல்ல வெயில். விளம்பரத்தை நம்பி சூரியனும் தவறாமல் ஆஜரானான். கால்வாய்ப் பனி உருக ஆரம்பித்தது! பந்தயத்தைச் சூரியோதயத்துக்கு முன்பே நடத்த வேண்டியதாயிற்று. நால்வர் வண்டிப் பந்தயத்தில் நான்கு ஓட்டங்களுக்குப் பதில் இரண்டு ஓட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நாற்பது வயது யூஜெனியோ மோன்தி இரண்டு தங்கப் பதக்கங்களை வாங்கிக்கொண்டு இத்தாலிக்குப் போனார். அன்றைக்கு எல்லாரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே பின்னால் வரப்போகிற கவலை ஒன்று ஒளிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கதை இனி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில வாலிபர்கள் பழைய சாமான் கடைகளிலிருந்து 1930, 1940-களில் செய்த தடித்த டயர் சைக்கிள்களை வாங்கி, மலைப் பாதைகளில் உருட்டிவிட ஆரம்பித்தார்கள். 1976-ல் அதற்குப் பந்தயமே வைத்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம். அதற்குள் 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரத்தின் குடத்துக்குள்ளே பிரேக் பிடிக்கும். அடிவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் குடத்திலுள்ள கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் குடத்தைப் பிரித்து, புதுக் கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். மறுபடி அடைக்கிறது என்ற பொருளில் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது.

சிறு பையனாக இருந்தபோது மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துச் சைக்கிள் எடுத்தவர்களுக்கு இந்த வாலிபர்களின் மனசு நன்றாக விளங்கும். எனக்கு விளங்குகிறது. ஏரிக்கரை மேட்டிலிருந்து காலை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு இறங்கினால், அந்த அரை நிமிஷத்துக்குள் வாடகைக் காசு முழுவதும் வசூலாகிவிடும். மிதிக்காமல் போகிறதே, அதுதான் ருசி. காசு கொடுக்காமல் கிடைக்கிற வேகம்!

மரின் வாலிபர்களில் ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் இந்த வேலைக்கென்றே புதிதாகச் சட்டம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1990-ல் கொலராடோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம் பெற்றது. புழுதியில் பிறந்த குழந்தை இருபது வருஷத்தில் ஒலிம்பிக் மேடை ஏறிவிட்டது.

இங்கேதான் வாழைத்தாரை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பனி உருகிய பிறகு ஆல்ப்ஸ் ஊர்களில் லிப்டுகள் என்ன செய்யும்? கோடையில் நடக்கிறவர்கள் சிலரை ஏற்றும். மற்ற நேரத்தில் சும்மா தொங்கும். வாழைத்தாருக்குப் பதில் மனிதன் போகலாம் என்றால், மனிதனோடு அவன் சைக்கிளும் ஏன் போகக்கூடாது? நாற்காலியின் பக்கத்தில் ஒரு கொக்கி மாட்டினார்கள்! சுற்றிச் சுற்றி மறுபடியும் கொக்கிக்கே வந்துவிட்டோம். பனிச்சறுக்குப் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கஷ்டத்துக்குத் தக்கபடி நிறம் வைத்திருந்தார்கள். அதே நான்கு நிறங்களைச் சைக்கிள் பாதைகளுக்கும் வைத்தார்கள். திருப்பங்களில் மண்ணைச் சாய்த்துக் கட்டினார்கள்; ஓடைமேல் மரப்பாலம் போட்டார்கள். சைக்கிள்களும் மாறின. முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கும் வில், தட்டுப் பிரேக், ஓட்டுகிறவன் முகத்தையே மூடும் தலைக்கவசம். பழைய காலத்துப் போர்வீரன் கவசம் பூட்டிக் கொள்ளுகிற மாதிரி பூட்டிக்கொண்டு, லிப்டில் சாவகாசமாக ஏறி, பத்து நிமிஷத்தில் பாய்ந்து இறங்கி, மறுபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

ஆல்ப் தூவெஸில் 1995-ல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் 'மெகாவலான்ஷ்' என்று ஒரு பந்தயத்தை ஏற்படுத்தினார். 'மகா பனிச்சரிவு' என்று தமிழில் சொல்லலாம். பீக் பிளான் என்ற சிகரத்தில், 3,300 மீட்டர் உயரத்தில், ஜூலை மாதத்தில், பல நூறு பேர் ஒரே சமயத்தில் பனிமேல் சைக்கிளை விடுகிறார்கள். பனி, பாறை, புல், மரக்காடு என்று நான்கு உலகங்களையும் தாண்டி, சுமார் 20 கிலோமீட்டர் கடந்து, கீழே அல்மோன் கிராமத்தில் முடிக்கிறார்கள். மொத்த இறக்கம் சுமார் 2,600 மீட்டர். முதலில் வருகிறவர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறார். 1952-ல் கோப்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிய மலை. 1995-ல் அதே மலை எதிர்த் திசையில் புகழ் பெற்றது.

எல்லாம் சந்தோஷமான கதையாக இருக்கிறதே என்று வாசகர்கள் நினைக்கலாம். அந்தப் பனியைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பந்தயம் தொடங்குகிற இடத்தில் இருந்த பனியாறுக்குச் சரேன் என்று பெயர். விஞ்ஞானிகள் 1949 முதல் வருஷந்தோறும் அதை அளந்து கணக்கு எழுதி வந்தார்கள். நோயாளியின் படுக்கையில் தொங்கும் சுரக் கணக்கு மாதிரியே அது ஆயிற்று. பனியாற்றில் பெரும்பகுதி உருகிப் போய்விட்டது. 1968-ல் ஒலிம்பிக் கால்வாயில் வேடிக்கை காட்டிய சூரியன் இப்போது மலையுச்சியிலேயே வேலையைக் காட்டுகிறான். அதற்குச் சூரியன் பொறுப்பாளி அல்ல. நாம் எரித்த கரியும் எண்ணெயும்தான் காரணம்.

2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஐரோப்பாவில் 28 தேசங்களில் உள்ள 2,234 பனிச்சறுக்கு ஊர்களைக் கணக்கெடுத்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலக வெப்பம் இரண்டு டிகிரி ஏறினால், செயற்கைப் பனி தயாரிக்காத பட்சத்தில், நூற்றுக்கு 53 ஊர்களுக்குப் பனிப் பஞ்சம் மிகப் பெரிய ஆபத்து. நான்கு டிகிரி ஏறினால் நூற்றுக்கு 98. 2024-ல் பிரெஞ்சு அரசாங்கத்தின் தணிக்கை மன்றமும் இதே மாதிரி ஓர் அபாயச் சங்கை ஊதியது. ஜூரா மலையில் மெத்தாபியே என்று ஒரு சிறிய ஊர். 1993-ல் மலைச் சைக்கிள் உலகப் போட்டி அங்கே நடந்தது. உயரம் குறைந்த அந்த ஊர், 2030-க்கும் 2035-க்கும் நடுவில் தன் பனிச்சறுக்கு முடிந்துவிடும் என்று தானே கணக்குப் போட்டு, அதற்குத் தயார் செய்ய முன்வந்தது. சாவு வருகிற தேதியை ஏறக்குறையத் தெரிந்துகொண்டு உயில் எழுதுகிற தைரியம் மனிதர்களிலேயே அபூர்வம். ஓர் ஊருக்கு அந்தத் தைரியம் வந்ததை மெச்ச வேண்டும்.

'சரி, பனி போனால் போகட்டும். சைக்கிள் இருக்கிறதே' என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் லிப்ட் கம்பெனிகளுக்கு வருகிற பணத்தில் பெரும் பங்கு குளிர்காலத்தில் வருவது. கோடைச் சைக்கிள் அதற்கு ஈடாகாது. மேலும் மலை சைக்கிள்காரனுக்கு மட்டும் சொந்தமல்ல. சக்கரம் கீறிய மண்ணில் மழை தண்ணீர் வாய்க்கால் பறிக்கிறது. நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றும் கோடையில் புரோவான்ஸ் சமவெளியிலிருந்து ஆட்டு மந்தைகள் அந்தப் பிரதேசத்துக்கு வருகின்றன. 1992-ல் ஓநாய்கள் பிரான்ஸுக்குள் திரும்பி வந்த பிறகு, மந்தையோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்களும் வருகின்றன. அந்த நாய்க்குப் பிரெஞ்சுப் பெயர் 'பாத்து'. நம் காதுக்கு அந்தப் பெயரே போதுமான எச்சரிக்கை! மந்தையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று அங்கே சொல்லிவைக்கிறார்கள். எத்தனை வேகமாக வந்தவனும் ஆட்டுக்கு வழி விட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இந்த ஊரின் சரித்திரம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. வெள்ளி வந்தது, போயிற்று. பனி வந்தது, போய்க்கொண்டிருக்கிறது. சைக்கிள் வந்திருக்கிறது, அதுவும் ஒரு நாள் போகலாம். பிராந்தில் இருந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, முட்டாள்களும் அல்ல. ஆனால் அவர்களுடைய ஊர் வெள்ளி என்ற ஒரே தூணில் நின்றது. தூண் சாய்ந்ததும் கூரை தங்கவில்லை. பக்கத்திலேயே பால் கறந்து பிழைத்தவர்களுடைய பெயர்தான் இன்றைக்கும் ஊர்ப் பெயராக நிலைத்திருக்கிறது.

ஆகவே, பனிக்குப் பதில் சைக்கிள் என்று ஒரு தூணை எடுத்துவிட்டு இன்னொரு தூணை நடுவதல்ல விமோசனம். சைக்கிளும் வரட்டும், ஆடும் வரட்டும், பனி விழுகிற வருஷத்தில் சறுக்குகிறவனும் வரட்டும், ஒன்றும் செய்யாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவனும் வரட்டும். வாழைத்தார்க் கொக்கியில் நாற்காலியையும், நாற்காலியில் சைக்கிளையும் மாட்டத் தெரிந்த மனிதனுக்கு இந்த யுக்தி புலப்படாமல் போகாது என்பது என் நம்பிக்கை.

ஏறுவதற்குத் தைரியம் வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லுகின்றன. இறங்குவதற்கு வேண்டியது வேறொன்று: எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிராந்தின் இடிந்த சுவர்கள் இன்னும் அந்த மேட்டில் இருக்கின்றன. இறங்குகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனால் நல்லது.